கையும் காலும் நல்லா இருக்கிற ஆள்

கிராம நிர்வாக அலுவலர் வந்து கேட்டபோது வேலுத்தாய் பொய் எதுவும் சொல்லவில்லை. பிற்பாடு அதைப் பல தடவை அவள் தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

வைகாசி மாதம் அது. அதிகாரிகள் ஆய்வுக்கு வருகிறார்கள் என்று பட்டாசுக் கம்பெனியில் திடீரென்று லீவு விட்டிருந்தார்கள். வேலுத்தாய் வாசலில் உட்கார்ந்து கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். கையில் ஃபைலோடு வந்த அலுவலர் பைக்கை வேப்பமர நிழலில் நிறுத்திவிட்டு நேராக அவளிடம்தான் வந்தார்.

"பக்கத்து வீட்டுப் பிரபாகரன் உதவித்தொகை வாங்குறாருல்லம்மா, மனநோய்னு சர்ட்டிபிகேட் குடுத்து? வருசத்துக்கு ஒருக்கா விசாரிக்கணும். அதுபோக, அவரு நல்லாத்தான் இருக்கார்னு பேரில்லாம ஒரு மனுவும் வந்திருக்கு. நீங்க பக்கத்துலயே இருக்கீங்க. சொல்லுங்க, எப்படி இருக்காரு?"

வேலுத்தாய் பக்கத்து வீட்டைப் பார்த்தாள். கதவு சாத்தியிருந்தது.

"நல்லாத்தான் சார் இருக்காரு. அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்கு உறுமி மேளத்துக்கு ஆடுனாரே, நான் கண்ணால பார்த்தேன். போன வாரங்கூட புள்ளைய பைக்ல வச்சுக் கடைக்குக் கூட்டிட்டுப் போனாரு. கையும் காலும் நல்லாத்தான இருக்கு."

"வேலைக்குப் போறாரா?"

"வேலைக்குத்தான் போறதில்ல."

அவர் எழுதிக்கொண்டார். எழுதியதை வாசித்துக் காட்டினார். அவள் சொன்னதுதான் இருந்தது. பேனாவை வாங்கி எழுத்துக் கூட்டித் தன் பெயரை எழுதிக் கொடுத்தாள். அவர் போனதும் திரும்பக் கடலை முன்னால் உட்கார்ந்தபோது மனசு லேசாக இருந்தது. அதுதான் பிற்பாடு அவளை ரொம்ப உறுத்தியது.

பிரபாகரனுக்கு முப்பத்தாறு வயது. தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பன்னிரண்டு வருசம் மருந்து கலந்தவன். அந்த வேலைக்கு நிதானம் வேண்டும். சல்லடையைப் பிடித்தால் கை ஓர் அளவுக்கு மேல் வேகமெடுக்கக் கூடாது. அவனுக்கு அந்த நிதானம் இருந்தது. இரண்டு வருசத்துக்கு முன்னால் ஆடி மாதம் ஒரு காலையில், தண்ணீர் குடிக்க அவன் மருந்து ரூமை விட்டு வெளியே போயிருந்தான். குழாயடிக்குப் போய்ச் சேர்வதற்குள் ரூம் வெடித்தது. உள்ளே இருந்த நான்கு பேரும் இறந்து போனார்கள். அதில் ஒருவன் ஜெயபாண்டி. இரண்டு பேரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். பிரபாகரன் மேல் ஒரு கீறல்கூட இல்லை.

"மாரியாத்தா உன்னத் தண்ணி குடிக்கக் கூப்பிட்டிருக்காலே" என்று ஊரில் எல்லோரும் அவனிடம் சொன்னார்கள். வேலுத்தாயும் சொன்னாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு அவன் வேறொரு கம்பெனிக்கு வேலைக்குப் போனான். நான்கு மாதம் போனான். பிறகு ஒருநாள் கம்பெனி வேன் வந்து ஹாரன் அடித்தபோது எழுந்திருக்கவில்லை. நாளைக்குப் போகிறேன் என்றான். மறுநாளும் அதையே சொன்னான். அப்புறம் அதைச் சொல்வதையும் விட்டுவிட்டான். அவன் மனைவி பாண்டிச்செல்வி மட்டும் தூக்குவாளியோடு வேன் ஏறினாள். அவன் ஷேவிங் செய்வதில்லை, குளிப்பதில்லை, யார் கூப்பிட்டாலும் காதில் வாங்குவதில்லை. கோடாங்கியிடம் குறி பார்த்தார்கள். இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குப் போய் வந்தார்கள். ஒரு வருசம் கழித்துத்தான் விருதுநகர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பாண்டிச்செல்வி அவனைக் கூட்டிப்போனாள். மனச்சோர்வு நோய் என்றார்கள். மாத்திரை கொடுத்தார்கள். அங்கிருந்த ஒரு நர்சம்மாதான், இதற்கும் மாற்றுத்திறனாளி அட்டை உண்டு, மருத்துவக் குழுவில் காட்டுங்கள் என்று வழி சொன்னது. குழுவும் பார்த்துச் சான்று கொடுத்தது. மாசாமாசம் உதவித்தொகை வர ஆரம்பித்தது.

அன்றிலிருந்துதான் ஊரில் பேச்சு.

"எனக்குந்தான் மனசு சரியில்ல" என்பாள் எதிர்வீட்டு அழகுமீனா, குழாயடியில் குடத்தை வைத்துக்கொண்டு. "மாமியா ஒரு பக்கம் இழுக்கா, மகன் ஒரு பக்கம் இழுக்கான். நானும் போத்திப் படுத்துக்கிடவா? கவர்மெண்டு குடுக்குமா?"

எல்லோரும் சிரிப்பார்கள். வேலுத்தாயும் சிரிப்பாள். ஆனால் மற்றவர்களுக்கு விளையாட்டாக இருந்தது அவளுக்கு விளையாட்டாக இல்லை. அவள் புருசன் தங்கச்சாமிக்கு வலது கையில் மூன்று விரல் கிடையாது. பத்து வருசத்துக்கு முன்னால் பட்டாசில் போனது. நாற்பதாம் நாள் கட்டோடு வாட்ச்மேன் வேலைக்குப் போன மனிதர். அவருக்கு உதவித்தொகை கேட்டு வேலுத்தாய் இரண்டு வருசம் நடையாய் நடந்தாள். ஊனம் நாற்பது சதவீதம் வரவில்லை என்று கடைசியில் தள்ளிவிட்டார்கள். விரல் போன மனிதருக்கு இல்லாத சதவீதம், நகம்கூடப் போகாதவனுக்கு எங்கிருந்து வந்தது என்பதுதான் அவளுக்குப் புரியவே இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு ஆம்பளை பகலெல்லாம் படுத்துக் கிடக்கிறான், இந்தப் பக்கம் இரண்டு விரலை வைத்துக்கொண்டு ஒருவர் உழைக்கிறார் என்ற நினைப்பு அவளுக்குள் புகைந்துகொண்டே இருந்தது.

அந்த மனுவை எழுதியது யார் என்று கடைசி வரை தெரியவில்லை. ஊரில் யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம்.

ஆனி மாதத்தோடு உதவித்தொகை நின்றது. ஆடி பிறந்து பத்து நாள் போல, வேன் வந்து நின்றபோது பாண்டிச்செல்விக்குப் பின்னால் பிரபாகரனும் வந்து ஏறினான். தாடியை எடுத்திருந்தான். சட்டை தோளில் தொங்கியது. வேனுக்குள் எல்லோரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். அப்புறம் அழகுமீனா வேலுத்தாயின் காதுக்குள் சொன்னாள்.

"பாத்தியா. கை நீட்டி வாங்குறது நின்னதும் நோயும் போயிருச்சு."

அன்றைக்குக் குழாயடி முழுக்க அதுதான் பேச்சு. வேலுத்தாய்க்கும் தான் நல்லதுதான் செய்திருக்கிறோம் என்று பட்டது. ஒரு குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியிருக்கிறோம்.

சீசன் நேரம். ஆர்டர் குவிந்து கிடந்தது. வேலுத்தாய் சரம் பின்னுகிற அதே கம்பெனியில்தான் அவனையும் சேர்த்துக்கொண்டார்கள். முதலில் லாரிக்கு லோடு ஏற்றுகிற வேலை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு பாதி வழியில் நின்றுவிடுகிறான் என்று லோடுமேன்கள் சண்டைக்கு வந்தார்கள். போர்மேன் சீனிவாசகம் அவனைக் களத்துப் பக்கம் மாற்றினார். மணி மருந்தைத் தட்டில் பரப்பி, வெயிலில் காயவைத்து எடுக்கிற வேலை. கடுகும் மிளகுமாய் உருட்டிய மருந்து அது. வானத்தில் போய் நிறம் நிறமாக விரிவது அதுதான். தட்டை அலுங்காமல் வைக்க வேண்டும், அலுங்காமல் எடுக்க வேண்டும். உரசினால் பற்றிக்கொள்ளும். அவன் நிதானத்தைப் பற்றிச் சீனிவாசகம் பழைய ஆட்கள் சொல்லிக் கேள்விப்பட்டிருந்தார்.

ஆவணிக் கடைசியில் ஒருநாள். பதினோரு மணி இருக்கும். வேலுத்தாய் தண்ணீர் குடிக்க எழுந்து வெளியே வந்தாள். களத்தில் பிரபாகரன் ஒரு தட்டை இரண்டு கையாலும் ஏந்தியபடி நின்றுகொண்டிருந்தான். அவள் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பும்போதும் அப்படியே நின்றான். தட்டு வைக்கிற மேடை அவனுக்கு இரண்டு எட்டுத் தூரத்தில் இருந்தது. மற்ற ஆட்கள் தட்டுகளை அடுக்கிவிட்டு நிழலுக்குப் போயிருந்தார்கள். பாண்டிச்செல்வி தூரத்து ஷெட்டில் வேலையில் இருந்தாள்.

"ஏலே, வச்சுத் தொலையேன்லே!" என்று ஷெட்டிலிருந்து சீனிவாசகம் கத்தினார். "எம்புட்டு நேரமா நிக்க?"

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. சீனிவாசகத்துக்கு அவன் பக்கத்தில் போகப் பயம். வேலுத்தாய்க்கும் பயம்தான். இருந்தாலும் செருப்பைக் கழற்றிவிட்டுச் சுடுமண்ணில் மெல்ல நடந்து போனாள். பக்கத்தில் போனதும்தான் அவன் முகத்தைப் பார்த்தாள். வேர்வை கண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. கண்ணைச் சிமிட்டவில்லை. தகரத்தட்டின் விளிம்பு வெயிலில் கொதித்து, அவன் உள்ளங்கை சிவந்து கொப்புளம் கட்டியிருந்தது.

"தம்பி" என்றாள். "தட்ட வையுங்க."

உதடு மட்டும் அசைந்தது. "வைக்கணும்னு தெரியுது மதினி. சொல்லிப் பாக்கேன். கை கேக்க மாட்டேங்குது."

அவள் தட்டுக்கு அடியில் தன் கையைக் கொடுத்தாள். சூடு சுரீர் என்று ஏறியது. அவன் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட வேண்டியிருந்தது. குழந்தை கையிலிருந்து ஒன்றைப் பிடுங்குகிற மாதிரி இல்லை, இறந்தவர் கையிலிருந்து எடுக்கிற மாதிரி இருந்தது. தட்டை மேடையில் வைத்துவிட்டு அவள் திரும்பியபோது அவன் கைகள் இன்னமும் அந்தரத்தில் ஏந்தியபடியே இருந்தன.

"இறக்குங்க தம்பி" என்று அவளே பிடித்து இறக்கிவிட்டாள்.

நிழலுக்குக் கூட்டி வந்து உட்காரவைத்ததும் அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "உங்களுக்கெல்லாம் என்னால ஆபத்து மதினி. என்னைய வரவேண்டாம்னு சொல்லச் சொல்லுங்க. எனக்காச் சொல்லத் தெரியல."

சீனிவாசகம் அன்றைக்கே அவனை நிறுத்திவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. களத்தைச் சுற்றி அறுபது பேர் வேலை பார்க்கிற இடம் அது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து வேலுத்தாய் அடுப்புப் பற்றவைக்காமல் உட்கார்ந்திருந்தாள். தங்கச்சாமி டூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். இரண்டு விரலால் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "என்னளா, உடம்புக்கு என்ன?" என்றார். அவள் நடந்ததைச் சொன்னாள். வைகாசியில் நடந்ததையும் சேர்த்துச் சொன்னாள். அதை அதுவரை அவரிடம் அவள் சொல்லியிருக்கவில்லை.

அவர் பொத்தானைப் போட்டு முடித்தார். "என்னைய வச்சா அவன அளந்த?" என்று கேட்டார்.

"நீங்க நாப்பதாம் நாளு வேலைக்குப் போகலையா?"

"போனேன். ஏன் போனேன்? எனக்கு விரல் போனப்ப ஊரே ஹார்லிக்ஸ் பாட்டிலும் சாத்துக்குடியுமா வந்து நின்னுச்சு. வலிக்குதாண்ணே, வலிக்குதாண்ணேன்னு கேட்டுக்கிட்டே இருந்தாக. கட்டு கண்ணுக்குத் தெரியுதுல்ல, கேட்டாக. அவன் வீட்டுக்கு யாரு போனா? நீ போனியா? நானும் போகல."

அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். திட்டியிருந்தால்கூட அவளுக்குப் பரவாயில்லை.

இரண்டு நாள் கழித்து ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் பக்கத்து வீட்டுக்குப் போனாள். பாண்டிச்செல்வி முற்றத்தில் துணி அலசிக்கொண்டிருந்தாள். உள்ளே பிரபாகரன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். ஏழு வயது மகள் அவன் முதுகுக்குப் பின்னால் ஒட்டி உட்கார்ந்து பாடம் எழுதிக்கொண்டிருந்தது.

"செல்வி, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்கக்கா."

"அந்த விசாரணைக்கு வந்தாருல்ல..."

"தெரியும்க்கா." பாண்டிச்செல்வி தலையைத் தூக்கவில்லை. "தாலுகா ஆபீஸ்ல காட்டுனாக. உங்க பேரு இருந்துச்சு. நீங்க எழுதுற மாதிரியே பெருசு பெருசா."

வேலுத்தாயால் உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. "தெரிஞ்சுமா தெனம் எங்கூட வேன்ல வந்த?"

"வேற என்ன வேன் இருக்கு?"

அவள் ஒரு பாவாடையைப் பிழிந்து கொடியில் போட்டாள். அப்புறம் ஈரக் கையோடு வேலுத்தாய் முன்னால் வந்து நின்றாள். குரலை உயர்த்தவில்லை. உள்ளே கேட்டுவிடக் கூடாது என்று மெதுவாகத்தான் பேசினாள்.

"பங்குனிப் பொங்கலுக்கு ஆடுனாருன்னு எழுதிக் குடுத்தீக. ஆடுனாரு. புள்ள மஞ்சத்தண்ணிய மேல ஊத்துச்சு, சிரிச்சாரு, நாலு எட்டு ஆடுனாரு. அவரு சிரிச்சு நாங்க பாத்து ஒண்ணேகால் வருசம் இருக்கும்க்கா. அன்னைக்கு வீட்டுக்கு வந்து நானும் புள்ளையும் அழுதோம், சந்தோசத்துல. மறுநா காலைல எந்திரிக்கல. மூணு நா சாப்பிடல. அதப் பாக்க யாரும் வரல. ஆடுனத மட்டும் ஊரே பாத்துச்சு."

பாண்டிச்செல்வி ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"வேலைக்குப் போகப் போறேன்னு அவராத்தான் சொன்னாரு. வேண்டாம்னேன். ஊரு பேசுறது காதுல விழுகுதுல்ல, சோறு இறங்கல செல்வின்னாரு. தண்ணி குடிக்கப் போகையில ஜெயபாண்டி அண்ணன்கிட்ட, என் சல்லடையையும் சேத்துப் பாருடான்னு சொல்லிட்டுப் போயிருக்காரு. அதத்தான் சொல்லிக்கிட்டே கெடக்காரு. அம்மா மாரியாத்தா காப்பாத்துனா, காப்பாத்துனாங்கிறீகளே எல்லாரும், அதக் கேட்டாலே அவருக்கு உடம்பு நடுங்கும். நான் வேலைக்குப் போனா, வீட்டுல அவரத் தனியா விட்டுட்டு வந்திருக்கோம்னு சாயங்காலம் வரைக்கும் நெஞ்சு அடிச்சுக்கிடும். பள்ளிக்கூடம் விட்டு வந்து புள்ளதான் அப்பா பக்கத்துலயே இருக்கும். நாஞ் சொல்லி வச்சிருக்கேன், அப்பாவ விட்டு நகராதன்னு. ஏழு வயசுக்கா அதுக்கு."

உள்ளே பென்சில் கீறுகிற சத்தம் நின்று மறுபடியும் தொடங்கியது.

"நான் திங்கக்கிழமை கலெக்டர் ஆபீசுக்கு வர்றேன்" என்றாள் வேலுத்தாய். "நீ மனு குடு. நான் சொன்னத நானே மாத்திச் சொல்றேன்."

பாண்டிச்செல்வி அவளை நிமிர்ந்து பார்த்தாள். "சீசன்ல லீவு போட்டா போர்மேன் சும்மா விடமாட்டாரு."

"பாத்துக்கிடலாம்."

"சரி" என்றாள் பாண்டிச்செல்வி. துணியைப் பார்க்கத் திரும்பிவிட்டாள்.

புரட்டாசி முதல் திங்கட்கிழமை மூன்று பேரும் விருதுநகர் போனார்கள். கலெக்டர் ஆபீஸ் வாசலில் போலீஸ்காரர்கள் பையைத் திறந்து பார்த்துவிட்டு உள்ளே விட்டார்கள். குறைதீர்க்கும் நாள் கூட்டம் மரத்தடி வரைக்கும் நின்றது. பிரபாகரன் சலவை செய்த சட்டையைப் போட்டுக்கொண்டு இரண்டு பேருக்கும் நடுவில் நின்றான். வரிசை நகரும்போதெல்லாம் பாண்டிச்செல்வி அவன் முழங்கையைத் தொட்டாள். அவனும் நகர்ந்தான்.

முன்னால் ஊன்றுகோலோடு நின்ற மல்லாங்கிணற்றுப் பெரியவர் ஒருவர் திரும்பி, "யாருக்கும்மா மனு?" என்றார்.

"இவருக்குத்தான்."

பெரியவர் பிரபாகரனை மேலிருந்து கீழ் வரை பார்த்தார். "பாத்தா நல்லாத்தான இருக்காரு."

வேலுத்தாய்க்கு முகம் சுட்டது. அந்தக் குரல் தன்னுடைய குரல் மாதிரியே இருந்தது. "நானும் அப்படித்தான் அண்ணாச்சி சொன்னேன்" என்றாள். "சொல்லிட்டு இப்ப இங்கன வந்து நிக்கேன்." பெரியவருக்கு விளங்கவில்லை. விளக்க அவளுக்குத் தெம்பு இல்லை.

உதவித்தொகைப் பிரிவு மேசையில் கண்ணாடி போட்ட ஓர் அம்மா இருந்தார். காகிதங்களைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"வேலுத்தாய் நீங்கதானா? நல்லா இருக்கார்னு நீங்கதான சாட்சி சொல்லியிருக்கீங்க. இப்ப முடியலைன்னு சொல்றீங்க. அன்னைக்குப் பொய் சொன்னீங்களா, இன்னைக்குப் பொய் சொல்றீங்களா?"

வேலுத்தாய்க்கு வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்தது மறந்துவிட்டது.

"ரெண்டு நாளும் பொய் சொல்லல மேடம். ஆடுனது உண்மை. ஒரு நா ஆடுனாரு. மத்த நாளெல்லாம் எப்படி இருந்தாருன்னு யாரும் கேக்கல, நானும் சொல்லல. எனக்குத் தெரியவும் தெரியாது. சுவத்துக்கு இந்தப் பக்கம் இருந்துக்கிட்டு எல்லாந் தெரிஞ்ச மாதிரி கையெழுத்துப் போட்டேன். என் வீட்டுக்காரருக்கு நீங்க குடுக்கல. அந்த வயித்தெரிச்சல்ல போட்டேன். அதையும் எழுதிக்கிடுங்க."

அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பிரபாகரன் பக்கம் திரும்பி, "உங்களுக்கு என்ன செய்யுது?" என்று கேட்டார்.

அவன் மேசை விளிம்பையே பார்த்துக்கொண்டு நின்றான். வரிசையில் பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். பாண்டிச்செல்வி பதில் சொல்ல வாயெடுத்தாள். அந்த அம்மா கையைக் காட்டி அவளை நிறுத்தினார்.

"வெளிய இருந்து பாத்தா ஒண்ணும் செய்யல மேடம்" என்றான் பிரபாகரன். "எனக்கே சில நேரம் நான் நடிக்கேனோன்னு தோணும். எந்திரிக்கலாமேன்னு தோணும். எந்திரிக்க வராது. இவ சம்பாத்தியத்துல உக்காந்து திங்கேன்னு எனக்குத் தெரியும். அத யாரும் வந்து சொல்ல வேண்டியதில்ல."

அவன் அவ்வளவு பேசி வேலுத்தாய் கேட்டதில்லை. அந்த அம்மா மனுவின் ஓரத்தில் ஏதோ எழுதி, மறுபடியும் மருத்துவக் குழுவுக்குப் போக வேண்டும் என்றார். நாளாகும் என்றும் சொன்னார்.

நாளாகத்தான் செய்தது. தீபாவளி போனது. கார்த்திகையில் குழு கூடியது. இரண்டு டாக்டர்கள் அவனை முக்கால் மணி நேரம் உள்ளே வைத்துப் பேசினார்கள். களத்தில் நடந்ததைச் சொல்ல வேலுத்தாயையும் கூப்பிட்டார்கள். மருந்தை மாற்றி எழுதினார்கள். உதவித்தொகை திரும்ப வந்தபோது தை பிறந்துவிட்டது. நிறுத்திய மாதங்களுக்கு உரியது வரவில்லை. அதைக் கேட்டு நடக்கப் பாண்டிச்செல்விக்கு நேரமில்லை.

ஊர் மாறவில்லை. வேலுத்தாய்க்குப் பங்கு போகிறது என்றுகூட ஒரு பேச்சு கிளம்பியது. "நீயும் ஒரு டாக்டர் சீட்டு வாங்கிக்கோயேன், நாலு பேரு வேண்டாமா படுத்துக்கிட?" என்று குழாயடியில் அழகுமீனா சொன்னபோது, வேலுத்தாய் குடத்தைப் போட்டுவிட்டு அவளோடு தெருவே கூடும்படி சண்டை போட்டாள். சண்டையில் ஜெயித்தது யார் என்று சொல்ல முடியாது. அதற்குப் பிறகு அவள் காதில் படும்படி யாரும் பேசவில்லை, அவ்வளவுதான்.

பிரபாகரனுக்குச் சுகமாகிவிட்டது என்றும் சொல்ல முடியாது. புது மருந்தில் சில நாள் நன்றாக எழுந்திருக்கிறான். வாசலில் உட்கார்ந்து வெற்றுக் காகிதக் குழாய் சுற்றிக் கொடுக்கிறான். மருந்து வாடை இல்லாத வேலை அது. சில நாள் கதவு திறப்பதே இல்லை. அந்த மாதிரி நாட்களில் வேலுத்தாய் ஷிப்ட் முடிந்து வந்ததும் ஒரு செம்புத் தண்ணீரோடு போய் அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். எழுந்திரு என்று சொல்வதில்லை. அவள் இருக்கிற நேரம் பிள்ளை தெருவில் விளையாடப் போகும்.

பாண்டிச்செல்வி அவளோடு பேசுகிறாள், வேனில் இடம் போட்டு வைக்கிறாள். ஆனால் முன்னைப் போல வேலுத்தாய் வீட்டுப் படி ஏறுவதில்லை. வேலுத்தாயும் கூப்பிடவில்லை. மாசியில் ஒருநாள் அவளாகவே சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டாள்.

"அக்கா, வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக்கு இவரக் கூட்டிட்டுப் போகணும். ஆர்டர் அவசரம்னு எனக்கு லீவு தரல. நீங்க போறீகளா?"

வேலுத்தாய் போனாள். டாக்டரைப் பார்த்து, மாத்திரை வாங்கி, பஸ் ஸ்டாண்டில் அவனுக்கு இரண்டு இட்லி வாங்கிக் கொடுத்தாள். ஒன்றரை சாப்பிட்டான். திரும்பி வரும்போது சிவகாசி பஸ்ஸில் ஜன்னலோரம் அவனை உட்காரவைத்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆமத்தூர் தாண்டியதும் அவன் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போனான்.

எதிர் சீட்டில் கூடையோடு இருந்த பொம்பளை அவனைப் பார்த்துவிட்டு, "தம்பியாம்மா? உடம்புக்கு என்ன?" என்று கேட்டாள்.

"முடியல" என்றாள் வேலுத்தாய்.

அந்தப் பொம்பளை அவன் கையைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள். கேட்க வந்ததைக் கேட்காமல் கூடையைத் தன் பக்கம் இழுத்து, அவன் கால் நீட்ட இடம் விட்டாள். திருத்தங்கல் ரயில்வே கேட்டில் பஸ் நின்றது. அவன் தலை கம்பியில் இடிக்காமல் வேலுத்தாய் தன் முந்தானையைச் சுருட்டி நடுவில் வைத்தாள்.